நாற்பத்தொரு விநாடி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவர், தான் மட்டும் படியில்தான் ஏறுவார். ஏன் என்று கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இதே ஜோக். நானும் இருபத்தாறு வருஷமாகச் சிரிக்காமல்தான் இருக்கிறேன்.

கடவுள் அவருக்கு வாயைக் குறைத்துக் காதைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். பழுதான லிஃப்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரண்டு மாடி நகர்வதற்குள், "சத்தம் மேலேருந்து வருது, மெஷின் ரூம்ல பாரு" என்றோ, "இது கீழே, குழிக்குள்ள" என்றோ சொல்லிவிடுவார். அது தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால்கூட நோயாளியை நலம் விசாரிப்பதற்கு முன் அந்தக் கட்டடத்து லிஃப்டை விசாரித்துவிட்டுத்தான் வருவார். வீட்டில் நான் பத்து வார்த்தை பேசினால் "ம்" என்று ஒரு பதில் வரும். கல்லுளிமங்கன்.

இந்த மனிதருக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்திரண்டாவது வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு வைத்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர், தபால்காரர், பல் டாக்டர், வங்கியில் வேலை பார்க்கிற அக்கா தங்கை இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். இவருக்கு அங்கே பெயரே "லிஃப்ட்"தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் புறவழிச் சாலையில் டைம் ட்ரையல் நடக்கும்.

டைம் ட்ரையல் என்றால் கூட்டமாக முண்டியடித்து ஓட்டுவது இல்லை. நிமிஷத்துக்கு ஒருவராகக் கிளப்பி விடுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு எதிர்க்காற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது. எட்டிப் பிடித்தாலும் ஒதுங்கித் தாண்டிப் போய்விட வேண்டும். யாரோடும் பேச்சு வார்த்தை கிடையாது. அவரவர் கால், அவரவர் மூச்சு, அவரவர் கடிகாரம். என் வீட்டுக்காரருக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த விளையாட்டு.

இருபது கிலோமீட்டர் போய், சாலை நடுவில் வைத்திருக்கும் சிவப்புக் கூம்பை வலது பக்கமாகச் சுற்றி, இருபது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் குழுவில் நாலே பேர். இவருடைய சிறந்த நேரம் ஒரு மணி நாற்பத்தொரு விநாடி. அதுவும் நாலு வருஷத்துக்கு முன்னால். தன் பழைய நேரத்தை முறியடிக்கும்போதெல்லாம் புது நேரத்தை எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். உப்பு எடுக்கக் கதவைத் திறந்தால் அந்த நாற்பத்தொன்று என்னைப் பார்த்து முறைக்கும். ஒருமுறை துடைத்துவிடப் போனேன். வீடே இடிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் "ம்" கூடச் சொல்லவில்லை.

குழுவின் கடிகாரமும் சட்டமும் ஒரு கணக்கு வாத்தியாரிடம் இருந்தன. சொந்த அண்ணனே வந்தாலும் அரை விநாடி விட்டுக்கொடுக்க மாட்டார். கூம்புக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஓட்டுகிறவர்கள் முழங்கையை ஹேண்டில் கம்பியில் ஊன்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வருவார்கள். முன் சக்கரமும் வெள்ளைக்கோடும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அதனால், ஆள் இரண்டாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் திருப்பத்தில் நிற்பவர் கொடியைத் தூக்க வேண்டும். கூடவே விசில் ஊத வேண்டும். "கொடி கண்ணுக்கு, விசில் காதுக்கு. ரெண்டுல ஒண்ணு தவறினாலும் தப்பு நம்மளது. அப்படி ஆச்சுன்னா அவங்களுக்கு மறு ஓட்டம் குடுத்துடணும்" என்று வாத்தியார் பாடம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் துணி துவைப்பதற்கு இது தேவலை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

நான் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் தையல் பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் துணியின் கிழிசலைப் பார்க்கிற எனக்கு, என் வீட்டுத் துணியின் கிழிசல் கண்ணில் படுவதற்கு ஆறு மாதம் ஆனது. இவருடைய வேலைச் சட்டைகள் கிழிந்துகொண்டே இருந்தன. அது புதிதில்லை. ஒரு நாள் ஐந்தாவது சட்டைக்கு ஒட்டுப் போடும்போதுதான் பழைய நாலையும் எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஐந்தும் வலது தோளில் கிழிந்திருந்தன. இரண்டில் கிழிசலைச் சுற்றிக் கறுப்புக் கிரீஸ்.

லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டுதான் அவர் வேலை பார்ப்பார். கூண்டு மேலே போகும்போது, அதற்கு ஈடாகக் கட்டிய இரும்புப் பாளம் பக்கத்திலேயே கீழே இறங்கும். எதிர் எடை என்பார். உடம்பை உள்ளே வைத்துக்கொள்ளாவிட்டால் அது ஆளைச் சீவிக்கொண்டு போய்விடும். கல்யாணமான புதிதில், என்னைப் பயமுறுத்துவதற்காக அவர் ஆசையாகச் சொன்ன கதை அது.

"இதென்ன, வலது தோள் மட்டும்?" என்று கேட்டேன்.

"எடம் குறுகல்" என்றார்.

அதே ஆறு மாதத்தில் வலது கைப்பக்கம் வைத்த மூன்று டம்ளர்களைத் தட்டி உடைத்திருந்தார். திறந்திருந்த அலமாரிக் கதவில் மோதி நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டார். நான் கத்தினேன். கவனம் எங்கே இருக்கிறது, சைக்கிள் மேலேயா என்று கேட்டேன். என் வாய்க்கு எப்போதும் முதலில் அகப்படுவது சைக்கிள்தான்.

சைக்கிள் சீட்டுக்கு அடியில் சின்னப் பை ஒன்று தொங்கும். பஞ்சரானால் மாற்ற உபரி டியூப் அதற்குள் இருக்கும். அதன் ஜிப் போய்விட்டது, தைத்துக்கொடு என்றார். கடைக்கு எடுத்துப் போய்ப் பையைக் கவிழ்த்தேன். டியூப் உரசாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. கண் ஆஸ்பத்திரிக் காகிதம். அதில் இரண்டு வட்டங்கள். இடது கண் என்று போட்ட வட்டத்தில் ஓரமாகக் கொஞ்சம் சாம்பல் நிறம். வலது கண் என்று போட்டதில் நடுவே சின்ன வெள்ளை ஓட்டை, மற்றதெல்லாம் கறுப்பு. தேதி எட்டு மாதம் பழையது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காகிதத்தோடு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "கண் அழுத்தம். வலது கண்ல நடுவுல மட்டும்தான் பார்வை இருக்கு, அதனால எழுத்தெல்லாம் படிச்சிடுவாரு, பக்கத்துல வர்றது தெரியாது. போனது போனதுதான்மா. இருக்கிறதக் காப்பாத்தலாம். உடனே சொட்டு மருந்து ஆரம்பிச்சு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லி அனுப்பினேன். எட்டு மாசமா என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? லிஃப்ட் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். டியூப் எங்கே என்று கேட்டார்.

"டியூப் இருக்கு. கண் எங்க?" என்றேன்.

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "கம்பெனி மெடிக்கல்ல எழுத்து மட்டும்தான் படிக்கச் சொல்றாங்க. படிச்சிடறேன். ஆபரேஷன்னு லீவு போட்டா பேப்பர் கேப்பாங்க. பேப்பரக் காட்டினா அப்புறம் என்னை லிஃப்ட் பக்கமே விட மாட்டாங்க."

"விடாட்டிப் போறாங்க."

"வேற எனக்கு என்ன தெரியும்?"

"அதுக்குச் சாகணுமா? பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? அஞ்சு சட்டை. ஆறாவது தடவை சட்டை மட்டும்தான் கிழியும்னு என்ன நிச்சயம்?"

அவர் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த முட்டாள்தனமான பேரம் வந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை ஓட்டறேன். ஒரு மணிக்குள்ள வந்துட்டேன்னா எனக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். இந்த வருஷம் முழுக்க நீ வாயத் திறக்கக் கூடாது. வரலைன்னா திங்கக்கிழமை காலைல நானே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏழு வருஷமாக முடியாதது இந்த வாரத்திலா முடியப் போகிறது என்று கணக்குப் போட்டேன். "சரி" என்றேன். அந்த வாரம் முழுக்க அவர் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை என் ஊசி ஒரு நேர்த்தையல் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்தது. கூம்புக்குப் போகும் வழியில் எதிர்க்காற்று. அதாவது, போவது கஷ்டம். திரும்பி வருவது சுலபம். பேக்கரிக்காரரின் வேன் என்னை இறக்கிவிட்டுப் போனது. ஒரு கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் விசில், கிளம்பும் வரிசை எழுதிய தாள். அவர் ஒன்பதாவது ஆள். ஆறு ஒன்பதுக்குக் கிளம்புவார்.

முதல் எட்டுப் பேருக்கும் முறையாகக் கொடி தூக்கினேன், முறையாக ஊதினேன். எல்லோரும் வழக்கத்தைவிட ஒன்று இரண்டு நிமிஷம் தாமதமாகத்தான் வந்தார்கள். காற்று அப்படி. பல் டாக்டர் திரும்பும்போது என்னைப் பார்த்து நாக்கைத் தள்ளிக் காட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் காற்றில் இவர் எங்கே வரப் போகிறார்?

தூரத்தில் அவருடைய நீல ஹெல்மெட் தெரிந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு முப்பத்தெட்டு. தப்பாகப் பார்க்கிறேனோ என்று மறுபடி பார்த்தேன். ஆறு முப்பத்தெட்டுதான். எதிர்க்காற்றிலேயே முப்பது நிமிஷத்துக்குள் கூம்புக்கு வந்துவிட்டார். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். இனி அவரை யாராலும் நிறுத்த முடியாது. ஒரு மணிக்குள் வந்துவிடுவார். வந்தால் இந்த வருஷம் முழுக்க அந்தக் கூண்டின் தலைமேல் நிற்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஆறாவது சட்டைக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கம்பத்தைத் தாண்டினார். கொடியைத் தூக்கினேன். நன்றாகவே தூக்கினேன். விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது.

ஊதவில்லை.

கொடி அவருக்குத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் ஜெயித்துவிடுவார் என்ற பயம். கட்டின மனுஷன் ஏழு வருஷமாக உயிரை விட்டு ஓட்டியது கைக்கு வரும் நேரத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் வந்தார். என் இடுப்புக்கும் அவர் தோளுக்கும் இரண்டு முழம்கூட இல்லை. கொடியின் துணி அவர் கிளப்பிய காற்றில் மடங்கியது. அவருடைய வலது கன்னத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். நான் அங்கே இல்லாததுபோல், கூம்பு அங்கே இல்லாததுபோல், கொஞ்சமும் வேகம் குறையாமல் நேராகப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னால் ஒரு கிலோமீட்டரில் கல்குவாரி முக்கு. லாரிகள் அங்கே வலது பக்கத்திலிருந்துதான் சாலையில் ஏறும். விசிலை ஊதினேன். நுரையீரல் கிழியும் வரை ஊதிக்கொண்டே ஓடினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். அவர் சின்னதாகிக்கொண்டே போனார். குவாரிப் பக்கம் புழுதி எழும்புவது தெரிந்தது. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

சைக்கிளில் இருந்த தூரமானி இருபதைத் தாண்டியதைப் பார்த்திருக்க வேண்டும். முக்குக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினார். அவர் திரும்பி வர, அவருக்குப் பின்னால் ஒரு கல் லாரி சாலையில் ஏறியது. கூம்புக்கே திரும்பி வந்து நின்ற என்னைத் தாண்டும்போது கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து இடது கண்ணால் கூம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதற்குள் பத்தாவது ஆளான தபால்காரர் வந்துவிட்டார். அவருக்குக் கொடியும் தூக்கினேன், விசிலும் ஊதினேன்.

கடைசி ஆள் திரும்பிய பிறகு வேனில் ஏறிக் கிளம்பிய இடத்துக்குப் போனேன். அவர் நடைபாதை ஓரத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"அண்ணி, அண்ணன் கணக்கைப் பாத்தீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். "ஒரு மணி முப்பது செகண்ட். இதுவே அவருக்குப் பெஸ்ட். அதுவும் திருப்பத்தத் தாண்டி எழுநூறு மீட்டர் போயிட்டு வந்து. கூடுதலா ஒண்ணரைக் கிலோமீட்டர் ஓட்டியிருக்காரு. ஒழுங்காத் திரும்பியிருந்தா அம்பத்தெட்டு நிமிஷம்."

கணக்கு வாத்தியார் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். "ஒரே கேள்விதான்மா. கொடி தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"விசில் ஊதினீங்களா? ஊதலைன்னா தயங்காமச் சொல்லுங்க. மறந்துபோறது மனுஷ இயல்பு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவருக்கு மறு ஓட்டம் குடுத்துடுவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதினேன்" என்றேன்.

வாத்தியார் அவர் பக்கம் திரும்பினார். "லிஃப்ட், நீங்க என்ன சொல்றீங்க? கேட்டுச்சா?"

அவர் நிமிர்ந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். "கேட்டுச்சு" என்றார். "தலையக் கவுத்துட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்."

வாத்தியார் ஒரு மணி முப்பது விநாடி என்று எழுதி அடிக்கோடு போட்டார். அவர் எழுதிவிட்டால் எழுதியதுதான்.

திங்கட்கிழமை காலை அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆபீஸில் காகிதத்தைக் கொடுத்தார். அன்றே லிஃப்ட் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. பிறகு வலது கண்ணிலும். கம்பெனியில் புகார் வாங்கும் தொலைபேசி முன்னால் உட்கார வைத்தார்கள். யாராவது கூப்பிட்டு லிஃப்ட் சத்தம் போடுகிறது என்றால், "போனைக் கதவுக்கிட்ட வைங்க" என்று சொல்லிக் கேட்டுவிட்டு என்ன பழுது என்று சொல்லி அனுப்புகிறாராம். அதில் அவருக்குப் பெருமை இருப்பதாகத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டு வந்துவிடுகிறார். சாலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது பால்கனிச் சுவரில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கிலிக்கு எண்ணெய் போடுகிறார். அலமாரிக் கதவில் அந்த ஒரு மணி முப்பது விநாடியை அவர் எழுதவே இல்லை. நாற்பத்தொன்றே கடைசியாக நிற்கிறது.

அவர் உயிரோடு இருக்கிறார். அதற்காக நான் எதையும் செய்வேன். ஆனாலும் உப்பு எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஐம்பத்தெட்டு நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. திருடிவிட்டு வீட்டுக்காரனோடேயே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அவர் முன்னைவிடப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். முன்பே "ம்" மட்டும்தான் என்பதால் வெளியாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் கழித்துப் போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனோம். கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் லிஃப்ட். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டார்.

"மேலேருந்து வருது. புல்லி தேய்மானம்" என்றார்.

"வந்த எடத்துலயுமா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "அன்னைக்கு உன் விசில் முதுகுப் பக்கமிருந்துதான் வந்துச்சு" என்றார்.

என் கையிலிருந்த டோக்கன் சீட்டு கசங்கியது. அந்தக் காதிடம் போய் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

"வாத்தியார் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன் கடைசியில். "மறு ஓட்டம் குடுத்திருப்பாரு."

"குடுத்திருப்பாரு. ஒரு மணிக்குள்ள வந்திருப்பேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

லிஃப்ட் வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். கதவு மூடியது.

"கொடி தெரியலையே" என்றார்.

உள்ளேயிருந்து நர்ஸ் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். அவர் எழுந்தார். நான் இடது பக்கம் நின்றிருந்தேன்.

"இந்தப் பக்கம் வா" என்று வலது கையை நீட்டினார்.